மினிட்ஸ் நோட்டும் மேட்டு ஏழு வீடும்

1

என் சித்தி மகள் வினோதினிக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு நெடுங்கண்டம் பக்கம். போன வாரம் போன் பண்ணி, "அக்கா, மலையாளம் பேசிப் பழக எத்தன மாசம் ஆகும்?" என்று கேட்டாள். "மூணு மாசம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அது பொய். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, விளக்கம் சொல்ல நேரமில்லை. இப்போது நேரம் இருக்கிறது. அவளுக்கு மட்டும் இல்லை, மலையேறி இந்தப் பக்கம் பிழைக்க வரும் நம்ம ஊர் ஆட்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

வெளிநாடு போனவர்கள் எழுதுவதை நானும் படித்திருக்கிறேன். பனி பெய்கிறது, இட்லி மாவு புளிக்க மாட்டேன் என்கிறது, பிள்ளைகள் தமிழ் பேச மாட்டேன் என்கிறார்கள் என்று அழுவார்கள். எனக்கும் இங்கே மாவு புளிப்பதில்லை. பிள்ளையும் இப்போது தமிழ் பேசுவதில்லை. ஆனால் நான் விமானம் ஏறவில்லை. கம்பத்தில் ஜீப் ஏறி, வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்து, கம்பம்மெட்டில் இறங்கினேன். முக்கால் மணி நேரம். எங்கள் வீட்டு முன்வாசலில் நின்றால் போனில் கேரள டவர் வரும், பின்கட்டுக்குப் போனால் தமிழ்நாட்டு டவர். அவ்வளவுதான் தூரம். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் என் வாயைப் பிடுங்கி எங்கோ எறிந்துவிட்டார்கள்.

நான் கோபக்காரி. நம்ம தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பால்காரர் எங்கள் வீட்டுக்கு மட்டும் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவார். கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குப் போன பிறகும், தெருக்குழாயில் சண்டை என்றால் அம்மா எனக்கு ஆள் அனுப்புவாள். அப்படிப்பட்ட என்னை இந்த ஊரில், "ஈஸ்வரி ஒரு பாவமா" என்கிறார்கள். இங்கே பாவம் என்றால் சாது, வாயில்லாப்பூச்சி. என் வீட்டுக்காரர் மாரிமுத்து அதை முதல் தடவை கேட்டபோது சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

காரணம் வேறொன்றும் இல்லை. எனக்கு மலையாளத்தில் திட்டத் தெரியாது. கேட்கத் தெரியும், வாங்கத் தெரியும், நன்றி சொல்லத் தெரியும். புது மொழியில் பணிவுதான் முதலில் வருகிறது. கோபம் கடைசி ஜீப்பில் வருகிறது.

2

மாரிமுத்துவின் பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. போகும்போது மேட்டில் இருந்த தன் வீட்டை இவருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அதனால் வந்தோம். ஆறு வருடம் ஆகிறது. இவருக்கு ஏலக்காய் ஸ்டோரில் வேலை. பறித்த பச்சைக் காயைச் சூடு போட்டு உலர்த்தும் இடத்துக்குத்தான் ஸ்டோர் என்று பெயர். உலர்ந்த காயைத் தரம் பிரிக்க நானும் அங்கே போகிறேன். அங்கே வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் தினமும் கம்பத்திலிருந்து ஜீப்பில் வந்து போகிறவர்கள். நாள் முழுவதும் தமிழ்தான். அதனால் முதல் வருடம் மலையாளம் ஒரு சொல் ஏறவில்லை.

மேட்டில் ஏழு வீடு. பெரியப்பா வீட்டை எழுதி வைத்தாரே தவிர, தண்ணீர் இல்லை என்பதைச் சொல்லாமல் போய்விட்டார். கீழே ஊற்று ஒன்று இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு படி. மண்ணை வெட்டி வைத்த படி, மழையில் வழுக்கும். காலையில் நாலு குடம், சாயங்காலம் நாலு குடம். மாரிமுத்துவுக்கு முதுகு வலி. ஏழு வீட்டு ஆண்களுக்கும் முதுகு வலி. அந்த நோய் இந்த மேட்டில் ஆண்களுக்கு மட்டும்தான் வருகிறது.

அடுத்த வீட்டு லில்லிச் சேச்சியோடு பழகியது அந்தப் படியில்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், குரல் சர்ச் மைக் மாதிரி இருக்கும். அவள் இடுப்புக்கு நான் குடத்தைத் தூக்கி விடுவேன், என் இடுப்புக்கு அவள் தூக்கி விடுவாள். ஒரு வருடம் எங்களுக்குள் இருந்த பேச்சு அதுதான். அதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை.

மாரிமுத்து மூன்று மாதத்தில் மலையாளம் பேசினார். ஜீப் டிரைவர்களிடம் கற்றுக்கொண்டது. எனக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"அது வேண்டாம் ஈஸ்வரி."

"ஏன்?"

"நான் படிச்சிருக்கிற மலையாளத்த வீட்டுக்குள்ள பேச முடியாது. பொம்பளைக கேட்டா செருப்பக் கழட்டிருவாக."

அதைத்தானே கேட்கிறேன், அந்த மலையாளம்தான் எனக்கு வேண்டும் என்றேன். கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். வீட்டில் சண்டை சம பலமாகிவிடுமோ என்ற பயம்.

மகள் திவ்யாவுக்கு அப்போது ஏழு வயது. மலையாளம் பழக அவளுக்கு நாலே மாதம்தான் ஆனது. இப்போது பதிமூன்று. நான் தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் வரும். நான் மலையாளத்தில் கேட்டால் பதில் வராது, சிரிப்புத்தான் வரும். வந்த புதிதில் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது வாசலில் நிறுத்தி, "அம்மே, டீச்சர் என்ன கேட்டாலும் சிரிச்சா போதும், பேசாத" என்றாள். சிரித்தேன். டீச்சர் என்னைப் பார்த்து, பாவம் என்றார்.

3

இந்த ஊரில் பெண்கள் எல்லோரும் அயல்கூட்டம் என்று ஒன்றில் சேர வேண்டும். நம்ம ஊர் மகளிர் குழு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, வாரம் ஒரு வீட்டில் கூடுவார்கள். மேட்டு வீடுகளும் கீழ்ப் பக்கத்து வீடுகளுமாக இருபது பேர். லில்லிச் சேச்சிதான் ப்ரசிடண்ட். என்னையும் இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள்.

இருபது பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். நான் நடுவில் உட்கார்ந்திருப்பேன். ஒரு சொல்லை மட்டும் பழகி வைத்திருந்தேன். "ஆயிக்கோட்டெ." அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம். யாராவது என் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினால் ஆயிக்கோட்டெ என்பேன். அவர்களும் திருப்தியாகத் திரும்பிக்கொள்வார்கள். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டினேன். சர்ச் பெருநாளுக்குப் பாத்திரம் கழுவ ஒத்துக்கொண்டது, பள்ளிக்கூடத்துப் புதரை வெட்டப் போக ஒத்துக்கொண்டது எல்லாம் பிறகுதான் தெரிந்தது. போய்ச் செய்தேன். என்ன பண்ணுவது, வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். ஆயிக்கோட்டெ என்றேன். கை தட்டினார்கள். என் மடியில் ஒரு பெரிய நோட்டையும் பேனாவையும் வைத்து, கூடவே இரண்டு நேந்திரம்பழமும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திவ்யாவை அனுப்பி விசாரிக்கச் சொன்னேன். ஓடிப்போய்த் திரும்பி வந்தாள்.

"அம்மே, நீ செக்ரட்டரி. வாராவாரம் மினிட்ஸ் எழுதணும்."

"எதுலடி?"

"மலையாளத்துல."

"எவ சொன்னா?"

"நீதான் சரின்னியாம்."

கூட்டத்தில் பேசியதை எழுதி வைப்பதற்குப் பெயர் மினிட்ஸ். யாருக்கும் பிடிக்காத வேலை. ஒரு வருடமாக ஆள் கிடைக்காமல் இருந்திருக்கிறது. முடியாது என்று சொல்ல லில்லிச் சேச்சி வீட்டுக்குப் போனேன். "வேண்டா" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பேசினாள். மறுத்துப் பேசவும் மொழி வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கடைசியில் ஆயிக்கோட்டெ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் ஒரு வழி பண்ணினேன். பள்ளிக்கூடத்தில் சொல்வதை எழுதுதலில் நான்தான் முதல். அதனால் காதில் விழுவதை அப்படியே, மலையாளச் சத்தத்தைத் தமிழ் எழுத்தில், ஒரு ரஃப் நோட்டில் எழுதிக்கொள்வேன். வீட்டுக்கு வந்து திவ்யாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அவள் அதைக் கேட்டு மலையாள எழுத்தில் பெரிய நோட்டில் எழுதுவாள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. எது முக்கியம், எது வெட்டிப் பேச்சு என்று பிரிக்க வேண்டுமானால் பேச்சு புரிய வேண்டும். எனக்குப் புரியாது. அதனால் எல்லாவற்றையும் எழுதினேன். தீர்மானத்தையும் எழுதினேன், நாத்தனாரைப் பற்றிய புகாரையும் எழுதினேன். ஒருத்தி கோழியை விரட்டினால் அந்தச் சத்தத்தையும் எழுதினேன். கூட்டத்துக்கு எட்டுப் பக்கம், பத்துப் பக்கம் ஆகும். நான் குனிந்து எழுதுவதைப் பார்த்து, இப்படி ஒரு செக்ரட்டரி இந்த ஊருக்கு வாய்த்ததில்லை என்று பெருமைப்பட்டார்கள்.

திவ்யா மூன்று வாரம் ஒழுங்காக எழுதினாள். நாலாவது வாரம் பெரிய நோட்டைப் பார்த்தால் ஒரே வரி. "விவித விஷயங்ஙள் சர்ச்ச செய்து. யோகம் பிரிஞ்ஞு." பல விஷயங்கள் பேசப்பட்டன, கூட்டம் கலைந்தது.

"பத்துப் பக்கம் எழுதிட்டு வந்திருக்கேன். ஒத்த வரியில முடிச்சிட்டயேடி?"

"எல்லா ஊரு மினிட்ஸும் இப்படித்தாம்மே இருக்கும்."

பழைய செக்ரட்டரிகள் எழுதிய நோட்டுகளை எடுத்துக் காட்டினாள். உண்மைதான். பத்து வருடமாக இந்த ஊரில் பல விஷயங்கள் பேசப்பட்டுக் கூட்டம் கலைந்திருக்கிறது. அதற்கு மேல் வாரா வாரம் அந்த ஒரு வரிதான். தேதியை மட்டும் மாற்றுவாள். நான் மட்டும் பழக்கத்தை விடாமல் ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். எழுதாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் யாராவது என்னிடம் ஏதாவது கேட்டுவிடுவார்களே.

4

நான் செக்ரட்டரி ஆன கொஞ்ச நாளில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. ஜெயித்த வார்டு மெம்பர் நன்றி சொல்ல எங்கள் கூட்டத்துக்கு வந்தார். அன்றைக்குக் கூட்டம் லில்லிச் சேச்சி வீட்டில். மெம்பர் டீ குடித்தார், பலகாரம் தின்றார், நிறையப் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். தட்டியதையும் எழுதினேன். வீட்டுக்கு வந்து திவ்யாவுக்கு வாசித்தேன். கேட்டுக்கொண்டே வந்தவள் நடுவில் ஒரு இடத்தில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "மேட்டுக்குத் தண்ணி வருமாம்மே" என்று மட்டும் சொன்னாள். பெரிய நோட்டில் வழக்கமான வரியை எழுதி மூடினாள்.

ஒன்றரை வருடம் கழித்துக் கீழே தொட்டி கட்டினார்கள். கீழ்ப் பக்கத்து வீடுகளுக்குக் குழாய் போனது. புதிதாக வந்த இரண்டு தங்கும் விடுதிகளுக்கும் போனது. மேட்டு அடிவாரம் வரைக்கும் வந்து, அங்கே ஒரு மூடியைப் போட்டுத் திருகிவிட்டுப் போய்விட்டார்கள். நான் தினமும் எட்டுக் குடத்தோடு அந்த மூடியைத் தாண்டிப் போய் வந்தேன்.

செக்ரட்டரி என்பதால் பஞ்சாயத்து ஆபீசுக்கு அலைகிற வேலையும் என் தலையில் விழுந்தது. அங்கே ஒரு க்ளார்க். எல்லோரும் சார் என்று கூப்பிடுவார்கள், நானும் சார் என்பேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே மாட்டார். காகிதத்தைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு மலையாளச் சொல்லாக, கல் பொறுக்குவது மாதிரி பேசுவார். நானும் ஒவ்வொரு சொல்லாக வைப்பேன். ஒரு தடவை வரி ரசீது இல்லை என்று திருப்பி அனுப்பினார். அடுத்த தடவை மனுவில் ஏழு வீட்டுக் கையெழுத்தும் இருந்தது, வீட்டு எண் இல்லை. அதற்கு அடுத்த தடவை எண் இருந்தது, மனு நீல மையில் எழுதியிருந்தது. இரண்டு வருடம் நடந்தேன். நம்ம ஊராக இருந்தால் ஆபீஸ் வாசலில் நின்று நான் போடும் சத்தத்தில் மூன்றாம் நாள் குழாய் வந்திருக்கும். இங்கே "சரி சார், வலிய உபகாரம் சார்" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினேன். வலிய உபகாரம் என்றால் பெரிய உதவி. என்ன உதவி செய்தார் என்று தெரியாது. வாயில் வந்தது அதுதான்.

முதல் மனுவை எழுதும்போதே தண்ணீர் சம்பந்தமான சொற்கள் தேவைப்பட்டன. அதற்காகப் பழைய ரஃப் நோட்டுகளைப் புரட்டினேன். அதற்குள் காது கொஞ்சம் திறந்திருந்தது. எழுதும்போது புரியாத பேச்செல்லாம் இப்போது படிக்கும்போது புரிந்தது. எந்த மருமகள் எந்த மாமியாரை என்ன சொன்னாள் என்று ஒன்றரை வருட ஊர்க்கதை முழுக்க என் கையெழுத்தில் இருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து சிரித்தேன். என் மலையாளப் பாடப் புத்தகம் அதுதான். வேறு புத்தகம் நான் படித்ததில்லை.

அப்படிப் புரட்டும்போது மெம்பர் வந்த நாளின் பக்கம் வந்தது.

முதலில், "சாயயில் பஞ்சசார குறவா, சேச்சீ." டீயில் சர்க்கரை குறைவு. மெம்பர் சொன்னது.

அடுத்து, "இதொக்கெ எழுதுந்நுண்டோ?" இதையெல்லாம் எழுதுகிறாளா என்று அவரே கேட்கிறார். என்னைப் பார்த்துத்தான்.

அதற்கு லில்லிச் சேச்சியின் பதில். "ஆ பாண்டிக்கு ஒந்நும் மனசிலாவில்ல. எழுதிக்கோட்டெ." அந்தப் பாண்டிக்கு ஒன்றும் புரியாது, எழுதிவிட்டுப் போகட்டும்.

பாண்டி என்றால் தமிழ் ஆட்களை இங்கே கேவலமாகச் சொல்கிற பெயர். அதை அழகான கையெழுத்தில், ஒரு எழுத்துத் தப்பாமல், நானே எழுதி வைத்திருந்தேன்.

5

பக்கத்தைக் கிழிக்கப் போனேன். தாளில் விரலும் வைத்துவிட்டேன். அப்போதுதான் அதற்குக் கீழ் வரி கண்ணில் பட்டது. "ஓணத்தினு மும்பு வெள்ளம் வரும். மேலத்தெ ஏழு வீடினா ஆத்யம். ஞானா பறயுந்நெ." வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர். ஓணத்துக்கு முன்னால் தண்ணீர் வரும், மேட்டு ஏழு வீட்டுக்குத்தான் முதலில், சொல்வது நான். மெம்பரின் வாக்கு. இரண்டும் ஒரே தாளில் இருந்தன. கிழித்தால் தண்ணீரும் போய்விடும். மடித்து வைத்தேன்.

திவ்யாவைக் கூப்பிட்டேன்.

"ஒனக்கு இது அப்பவே தெரியுமா?"

நோட்டைப் பார்த்தாள். "தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"நீ போயி சண்ட போடுவ. அப்பறம் லில்லி ஆன்ட்டி வீட்டுல டிவி பாக்க முடியாது."

ஒன்பது வயதில் அவ்வளவு கணக்குப் போட்டிருக்கிறாள். பெருமைப்படுவதா, ஓங்கி ஒன்று வைப்பதா என்று தெரியவில்லை.

மறுநாள் படியில் லில்லிச் சேச்சியின் குடத்தை நான் தூக்கி விடவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம் முன்னால் போய்விடுவேன், அல்லது பின்னால் வருவேன். வாய் நிறையக் கோபம் இருந்தது. ஆனால் எல்லாம் தமிழில் இருந்தது. நம்ம தெருவில் என்றால் வாசலில் கோலம் போடுகிற இடத்திலேயே வைத்துக் கிழித்திருப்பேன். இங்கே முதல் வரியை மலையாளத்தில் யோசித்துப் பார்த்தேன். "சேச்சி, நீங்கள் அன்றைக்கு" என்று தொடங்கினால் மனு மாதிரி இருந்தது. கீழே கையெழுத்தும் எண்ணும் கேட்பார்கள் போல.

எட்டாம் நாள் அவளே வந்தாள். கையில் கஞ்சியும் பயறும்.

"எந்தா ஈஸ்வரி, சுகமில்லே?"

எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருக்கிறாள். கஞ்சியை வாங்கிக் குடித்தேன். வலிய உபகாரம் என்றேன். மலையாளத்தில் அதுதான் வரும். மறுநாள் அவள் குடத்தைத் தூக்கி விட்டேன். ஆனால் பக்கத்தின் மடிப்பை நிமிர்த்தவில்லை. இரண்டு வருடம் அப்படியே வைத்திருந்தேன்.

6

போன வருடம் கிராமசபை கூடியது. குடிநீர்த் திட்டத்தின் கடைசிப் பட்டியல் அன்றைக்கு முடிவாகிறது. அதில் பெயர் இல்லாதவர்கள் அடுத்த திட்டம் வரும்வரை ஊற்றுக்குத்தான் போக வேண்டும். அடுத்த திட்டம் எப்போது என்று கேட்டால் சிரிப்பார்கள். பள்ளிக்கூட ஹால் நிறையக் கூட்டம். மேடையில் மெம்பர். பக்கத்தில் முடிவுகளை எழுத அந்த க்ளார்க்.

பட்டியலை வாசித்தார்கள். மேட்டு ஏழு வீடு இல்லை. லில்லிச் சேச்சி எழுந்து கேட்டாள். மைக் தேவைப்படவில்லை. மெம்பர் பொறுமையாகச் சிரித்தார். மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றுவது இந்தத் திட்டத்தில் எப்போதுமே இல்லை, அப்படி நான் யாரிடமும் சொல்லவும் இல்லை, சொன்னேன் என்றால் உங்கள் அயல்கூட்டத்து மினிட்ஸில் இருக்குமே, காட்டுங்கள் என்றார்.

லில்லிச் சேச்சி பெரிய நோட்டை என் கையிலிருந்து பிடுங்கி, அந்தத் தேதியை எடுத்து, வாசித்தாள். "விவித விஷயங்ஙள் சர்ச்ச செய்து. யோகம் பிரிஞ்ஞு."

ஹால் முழுக்கச் சிரிப்பு. லில்லிச் சேச்சி உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. அதற்கு முந்தின மழைக்காலத்தில் ஊற்றுப் படியில் விழுந்து அவளுக்குக் கை முறிந்தது. இன்னும் முழங்கை நேராக நீளாது.

நான் அன்றைக்கும் பழக்கப்படி ரஃப் நோட்டோடுதான் போயிருந்தேன். பழையதையும் பையில் வைத்திருந்தேன். எழுந்தேன். மடிப்பை நிமிர்த்தி, ஓணத்தினு மும்பு என்ற இடத்திலிருந்து வாசித்தேன். மேலே இருந்ததை விட்டுவிட்டேன். எழுதும்போது அவர் இழுத்த இழுப்பையும் சேர்த்து எழுதியிருந்ததால், வாசிக்கும்போது அவர் குரலே வந்தது. பின் வரிசையில் யாரோ மெம்பர் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள்.

மெம்பர் நோட்டைப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார். உயர்த்திக் காட்டினார். இது தமிழ் எழுத்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே யாருக்குத் தெரியும், இந்தச் சேச்சி நேற்று எழுதிக்கூடக் கொண்டு வந்திருக்கலாம் என்றார். எனக்குப் பதில் இருந்தது. தமிழில் ஏழெட்டுப் பதில் இருந்தது. மலையாளத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

க்ளார்க் எழுந்து அந்த நோட்டை வாங்கினார். பக்கத்தின் தலையிலிருந்து, சத்தமாக, கடகடவென்று வாசிக்கத் தொடங்கினார்.

எனக்கு முதலில் நோட்டைப் பற்றிய பயமே வரவில்லை. இந்த ஆளுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்பதிலேயே நின்றுவிட்டேன். டீயில் சர்க்கரை குறைவு என்று வாசித்ததும் ஹால் அதிர்ந்தது. மெம்பர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சொல்வது அதுதான், ஊருக்கே தெரியும். எழுதுகிறாளா என்பதை வாசித்தார். அடுத்த வரிக்கு வந்ததும் ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தார். அரசாங்க ஆள் இல்லையா, பாதியில் விட முடியாது. வாசித்தார். அந்தப் பாண்டிக்கு ஒன்றும் புரியாது, எழுதிவிட்டுப் போகட்டும். சொன்னது யார் என்றும் நான் பக்கத்தில் குறித்திருந்தேன். அதையும் வாசித்தார்.

சிரிப்பு நின்றுவிட்டது. லில்லிச் சேச்சி தரையைப் பார்த்தாள். நானும் தரையைப் பார்த்தேன். அடுத்தது மெம்பரின் வாக்கு. அதையும் வாசித்து முடித்தார்.

இது நேற்று எழுதியதுதான் என்று மெம்பர் மறுபடி தொடங்கினார். க்ளார்க் நோட்டை மூடிவிட்டு, வழக்கமான கல் பொறுக்கும் மலையாளத்தில் கேட்டார். "பொய்யாக எழுதுகிறவள், தன்னைத் தானே இப்படிக் கேவலமாகத் திட்டி எதற்கு எழுத வேண்டும்?"

கிழிக்க நினைத்த வரிதான் அன்றைக்கு எனக்குச் சாட்சி சொன்னது. பின் வரிசையில் ஒருவர் கை தூக்கினார். பிறகு ஹால் முழுக்கக் கை. மெம்பர் கெட்டிக்காரர். தலையில் கை வைத்து, மறந்தே போய்விட்டது, நல்ல வேளை ஞாபகப்படுத்தினீர்கள் என்றார். ஏழு பெயரும் பட்டியலில் ஏறின.

வெளியே வந்தபோது க்ளார்க் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"சார், நீங்க தமிழா?"

"எங்க ஊடு கோவிந்தாபுரத்துப் பக்கமுங்க, அதுவும் பார்டர்தானுங்க. அஞ்சாப்பு வரைக்கும் தமிழ்லதானுங்க படிச்சேன்."

"அப்ப ரெண்டு வருசமா எதுக்கு சார் எங்கிட்ட மலையாளம் பேசுனீங்க?"

"நீங்க மலையாளத்துல பேசுனீங்களேங்க. நான் தமிழ்ல ஆரம்பிச்சா ஆபீசுல சிரிப்பாங்களோன்னு இருந்துச்சுங்க. என்ற மலையாளமே கொஞ்சம் மோசமுங்க. தப்பாப் பேசிருவனோன்னுதான் உங்க மூஞ்சியப் பாக்காம பேசறது."

இரண்டு தமிழ் ஆட்கள் இரண்டு வருடம் ஒரு மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று, ஒருத்தருக்கொருத்தர் பயந்து, தப்பு மலையாளம் பேசியிருக்கிறோம்.

"அந்த நீல மை?" என்று கேட்டேன்.

"அது சட்டமுங்க" என்றார்.

7

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. இருபது பேரும் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்தில் டீ வந்துவிட்டது. எல்லோரும் எழுந்து போனதும் லில்லிச் சேச்சி என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எழுதிக்கோ" என்றாள்.

நோட்டைத் திறந்தேன்.

"ஞான் அங்ஙனெ பறயான் பாடில்லாயிருந்நு."

நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எழுதினேன். தேதி போட்டேன். கீழே கையெழுத்துப் போடச் சொன்னேன். அந்த வளைந்த கையால் போட்டாள். போட்டுவிட்டு, எப்போது புரிந்தது என்று கேட்டாள். இரண்டு வருடம் ஆகிறது என்றேன். அந்தக் கஞ்சி ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் மாறியது.

"பின்னெ எந்தா பறயாஞ்ஞெ?" பிறகு ஏன் சொல்லவில்லை.

"வழக்கு கூடான் உள்ள மலயாளம் எனிக்கு அறியில்ல, சேச்சி."

சண்டை போடுகிற மலையாளம் எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை.

"ஞான் படிப்பிச்சு தராம்" என்றாள்.

சொன்னபடி கற்றுக்கொடுத்தாள். ஞாயிறு தோறும் கூட்டம் முடிந்து அரை மணி நேரம். நோட்டில் எழுத விடவில்லை. இது எழுதிப் படிக்கிற பாடம் இல்லை என்றுவிட்டாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே ஏற்ற வேண்டும், கையை எப்போது இடுப்பில் வைக்க வேண்டும் என்று எல்லாம் உண்டு. மாரிமுத்து கேட்டுவிட்டுக் கவலையாக இருக்கிறார்.

பட்டியலில் ஏறினாலும் மேட்டுக்குக் குழாய் வர ஒரு வருடம் ஆனது. இந்த மாதம்தான் வந்தது. முதல் நாள் காலையில் ஏழு வீட்டுக் குழாயையும் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் நின்றோம். என் குழாயில் நூல் மாதிரி வந்தது. பார்த்தால் லில்லிச் சேச்சி தன் குழாயில் ஹோஸை மாட்டி, வாழைக்கு, மல்லிக்கு, முற்றத்துக்கு என்று பாய்ச்சிக்கொண்டிருக்கிறாள். எங்கள் வீட்டைவிட அவள் வீடு தாழ்வு. அவள் திறந்தால் எனக்கு வராது.

வேலியோரம் போய் நின்றேன். கையை இடுப்பில் வைத்தேன். நிறுத்தாமல் ஐந்து நிமிடம் பேசினேன். ஒரு வரி தமிழ் இல்லை. ஒரு வலிய உபகாரம் இல்லை. திவ்யா வாசலுக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். லில்லிச் சேச்சி ஹோஸைக் கையில் பிடித்தபடி கடைசி வரைக்கும் கேட்டாள். ஒரு இடத்தில் மட்டும் கையைக் காட்டி நிறுத்தி, அதை இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொல் என்றாள். ஏற்றிச் சொன்னேன்.

முடிந்ததும், "இனி ஆரும் நின்னெ பாவம் எந்நு விளிக்கில்ல" என்றாள். இனி யாரும் உன்னைப் பாவம் என்று கூப்பிட மாட்டார்கள். சொல்லிவிட்டுப் போய்த் தன் குழாயை மூடினாள். என் குடத்தில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது.

வினோதினி, உனக்கு நான் சொன்னது தப்பு. மூன்று மாதம் இல்லை. ஆறு வருடம்.